ஆறும் ஏழும் ஒன்றான வாரம்

போன மாதம், நான் ஓய்வு பெற்று வந்த மரபணு ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் குன்னூரிலிருந்து என்னைப் பார்க்க ஊட்டிக்கு வந்திருந்தார்கள். டீ குடித்து முடித்ததும் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜமீலாக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பென்சில் படமெல்லாம் இன்னும் சுவத்துல ஒட்டியிருக்குதுங்க. ஆனா இப்ப ஜீனோம் ரிப்போர்ட் வந்தா கம்ப்யூட்டரே பிரிச்சு வெச்சுருது. அப்ப நீங்கெல்லாம் என்னதானுங்க பண்ணீங்க?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கம்ப்யூட்டர் பிரித்து வைக்கிறது சரி, எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது என்று ஆரம்பித்தேன். வெளியே மழை விட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் விட்டது. கிளம்பும்போது, "இதை எழுதி வெச்சுருங்கக்கா" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அத்தாவுக்கு ஊட்டி பஜாரில் பாத்திரக்கடை. கடைக்கு மேலேயே வீடு. கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு இரண்டு வருடம் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல இரண்டே விஷயம்தான்: வெயில் தாங்கவில்லை, ரத்தத்தைப் பார்த்துப் பயம் வரவில்லை. திரும்பி வந்து குன்னூரில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிறகு பல வருடம் நின்ற கால்தான்.

அங்கே என் கையில் அதிகம் வந்தது அரிவாள் செல் சோதனை. சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும் நோய் அது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பழுதான ஜீன் இரண்டு பக்கமும் வந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அவர் வெறும் கடத்துபவர். தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம், ஆனால் அவருக்கு நோய் இல்லை. கூடலூர் பக்கத்துப் பழங்குடி ஊர்களுக்கு முகாம் போவோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் மருந்துக் கரைசலை ஊற்றி, ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கலக்கி, பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்போம். கோடு தெரிந்தால் நெகடிவ். கலங்கி, கோடு மறைந்தால் பாசிட்டிவ். இதில் ஒரு சங்கடம். நோயாளியின் ரத்தமும் கலங்கும், கடத்துபவரின் ரத்தமும் கலங்கும். குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. நாங்களும் ரிஜிஸ்தரில் இரண்டு பேருக்கும் 'பாசிட்டிவ்' என்றே எழுதிக்கொண்டிருந்தோம்.

எனக்கு நாற்பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒரு உத்தரவு வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மரபணு ஆய்வு மையம் திறக்கிறார்கள், நான் 'ஆன்டாலஜி' பிரிவுக்குப் போக வேண்டும் என்று. நான் அதை 'ஆன்காலஜி' என்று படித்துவிட்டேன். புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களே என்று வீட்டில் சொல்லி, என் மாமியார் துஆ எல்லாம் செய்து, மறுநாள் கனத்த மனதோடு போய் நின்றால், அங்கே நோயாளியும் இல்லை, கட்டிலும் இல்லை. ஒரு பெரிய மேசை. அதன் மேல் பழைய காலண்டர் தாள்கள் பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தன. என்னைவிடப் பதினாறு வயது சின்னப் பெண் ஒருத்தி கம்பூட்ஸில் சேறோடு நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஜமீலாக்கா. நான் மாதவி" என்றாள். கோத்தகிரிப் பக்கம் படுகர் கிராமம். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். அன்றிலிருந்து அவர் எனக்கு மேடம். நான் அவருக்குக் கடைசி வரை அக்கா.

நான் ஆன்காலஜி கதையைச் சொன்னதும் மேடம் சிரித்த சிரிப்பில் பென்சில் மேசைக்கடியில் உருண்டுவிட்டது. பிறகு கேட்டார்:

"ஏனுங்கக்கா, நீங்க ரிஜிஸ்தர்ல 'பாசிட்டிவ்'னு எழுதுறீங்களே, அது எதுக்குப் பேருங்க? ஆளுக்கா? ரத்தத்துக்கா? குழாய்க்கா?"

மூன்றுக்கும் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. இத்தனை வருடம் எழுதிய வார்த்தை!

"இதுதானுங்க நம்ம பிரிவு" என்றார்.

ஆன்டாலஜி வேலை என்னவென்றால், மனித ஜீனோமைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு வார்த்தையும் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று பிரித்து, படமாகப் போடுவது. ஒரு பொருளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அம்பு. அம்பின் மேல் கட்டாயம் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். 'ஆள்' என்ற பெட்டியிலிருந்து 'மாதிரி' என்ற பெட்டிக்கு ஒரு அம்பு: கொடுக்கிறார். 'சோதனை' 'மாதிரி'யைப் பரிசோதிக்கிறது. 'சோதனை'யிலிருந்து 'முடிவு' வருகிறது. அந்த முடிவை வைத்து டாக்டர் 'நோய்' என்று தீர்மானிக்கிறார், அல்லது தீர்மானிப்பதில்லை. ஆள் வேறு, மாதிரி வேறு, முடிவு வேறு, நோய் வேறு. கேட்டால் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் எங்களிடம் வந்து சேர்ந்த பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் இந்த நாலும் ஒரே கட்டத்துக்குள் அடைந்துகொண்டு கிடந்தன.

மேடம் உட்காரவே மாட்டார். மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நாம் ஒன்றைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று முதல் வாரம் சந்தேகமாக இருந்தது. சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. நான் ஒரு வார்த்தைக்கு விளக்கம் எழுதிச் சீட்டை அவர் மேசையில் வைப்பேன். அவர் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். 'குடும்பம்' என்ற சொல்லுக்கு எனக்குப் பதினோரு கேள்விக்குறி கிடைத்தது. ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்களா, ஒரே ரத்தமா, கட்டிக்கொடுத்த பெண் எந்தப் பக்கம், எடுத்து வளர்த்த பிள்ளை எந்தப் பக்கம்? பன்னிரண்டாவது சீட்டு கேள்விக்குறி இல்லாமல் வந்தபோது, நான் ஏதோ பரீட்சையில் மாநிலத்தில் முதலாவது வந்த மாதிரி அதைக் கொண்டுபோய் வீட்டில் காட்டினேன். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே போடலையே" என்றார்.

பேனா கூடாது, பென்சில்தான். "மையில எழுதினா நமக்கே அதை அழிக்க மனசு வராதுங்க" என்பார். 'பாசிட்டிவ்' என்ற ஒரே வார்த்தைக்கு எங்களுக்கு ஒரு மாதம் முழுசாகப் போயிற்று. கடைசியில் அந்த வார்த்தையையே எல்லாப் படிவத்திலிருந்தும் எடுத்தோம். அதன் இடத்தில் 'குழாய் கலங்கியது', 'கடத்துபவர்', 'நோய் உண்டு' என்று மூன்று தனித்தனிக் கட்டம் வந்தது. அன்றைக்கு மேடம் எல்லோருக்கும் சூடாக வர்க்கி பிஸ்கட் வாங்கிவந்தார்.

இப்படியே ஆறேழு வருடம் போனது. படம் பெரிதானது. ஜீன் வந்தது, ஜீனில் இருக்கும் மாற்றம் வந்தது, மாற்றம் இருக்கும் குரோமோசோம் வந்தது. அந்தப் படத்தை வைத்து எங்கள் மையத்துப் பையன்கள் ஒரு கம்ப்யூட்டர் திட்டம் எழுதினார்கள். பல முகாம், பல லேப் என்று சிதறிக் கிடந்த ஒரே ஆளின் பதிவுகளை அது ஒன்றாகச் சேர்த்து ஒரு அட்டை தரும். பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் என்றால் கடத்துபவர், சிவப்பு என்றால் நோய் உள்ளவர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது பிந்துவின் கதை. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரை மட்டும் மாத்திக்கோங்க, மத்ததெல்லாம் உள்ளபடி எழுதுங்க" என்றாள். அதனால் இங்கே அவள் பிந்து.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. கூடலூர் தாண்டிக் கேரள எல்லையோரம் இருக்கும் ஸ்ரீமதுரைப் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. தலை நனைந்திருந்தது. கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் மட்டும் நனையவில்லை. அதற்குள் எங்கள் சிவப்பு அட்டை.

"இது உங்க ஆபீஸ் குடுத்ததுதானே சேச்சி?"

"ஆமாங்கண்ணு. உக்காரு."

"உக்கார வரல. வனக்காவலர் வேலைக்கு எழுதி செலக்ட் ஆயிட்டேன். நாலு மணி நேரத்துல பதினாறு கிலோமீட்டர் நடக்கணும். நான் முன்னாடியே முடிச்சு, பின்னாடி வர்றவங்களுக்குக் கை தட்டிட்டு நின்னேன். இப்ப மெடிக்கல்ல இந்த அட்டையைப் பார்த்துட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள சீக்கு இல்லன்னு எழுதி வாங்கிட்டு வான்னு சொல்றாங்க." மூச்சு விட்டுக்கொண்டு கேட்டாள்: "எனக்கு ஒருநாள்கூட கைகால் நொந்ததில்ல. எந்தச் சீக்கை எனக்குள்ள வெச்சீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னை என்னவோ செய்தது. இந்த நோய் உள்ளவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்புக்குள் வரும் அந்த வலியில் பெரிய ஆண்பிள்ளைகள் கத்துவார்கள். இவள் நின்ற நிற்பு அப்படி இல்லை. ஆனால் நிற்பதைப் பார்த்து ரிப்போர்ட்டை மாற்ற முடியாது. நோய் லேசாக இருந்து பின்னால் தலைகாட்டியவர்களும் உண்டு.

கம்ப்யூட்டரில் அவள் அட்டையைத் திறந்தேன். 'ஒரே ஜீனில் இரண்டு மாற்றங்கள். ஆகவே நோய்.' அவ்வளவுதான் இருந்தது. விதி சரி. இரண்டு பக்கமும் வெவ்வேறு பழுது வந்தாலும் நோய் வரும். மேடமிடம் போனேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"விதி சரிதானுங்களே அக்கா?"

"விதி சரிங்க மேடம். ஆனா அந்த ரெண்டு மாற்றமும் எங்கிருந்து வந்துச்சுன்னு அட்டைல இல்லீங்க. நான் காகிதத்தைப் பாக்கணும்."

"பாருங்க" என்றார். "அந்தப் பொண்ணுகிட்டப் புதுசா ரத்தமும் எடுத்துருங்க. காகிதம் ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம நடக்கட்டும்."

ரத்தத்தை நானே எடுத்தேன். என் பழைய லேபுக்கு அனுப்பினேன். பிந்து எங்கள் நர்ஸ் ஒருத்தி வீட்டில் தங்கினாள். புதன்கிழமை காலை பதிவு அறைக்குள் போனேன். குன்னூர் ஈரத்தில் காகிதம் அப்பளம் மாதிரி நமத்துப்போயிருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பத்தரைக்கு முதல் காகிதம் கிடைத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்த முகாமில் எடுத்த ரத்தம், கீழே சமவெளியில் ஒரு லேபுக்குப் போய் வந்த முடிவு. 'ஒரு பிரதியில் மாற்றம். ஆறாம் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின்.' மதியம் இரண்டாவது கிடைத்தது. மூன்று வருடம் முன்பு எங்கள் ஜீனோம் ஆய்வுக்கு அவள் கொடுத்த மாதிரி, வேறு லேப். 'ஒரு பிரதியில் மாற்றம். ஏழாம் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின்.'

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே ஜீன். இரண்டிலும் குளுடாமிக் போய் வேலின் வந்திருக்கிறது. இடம் மட்டும் ஆறு, ஏழு. கோயம்புத்தூரில் நாங்கள் பாட்டு மாதிரி ஒப்பித்ததெல்லாம் ஆறாம் இடம்தான். ஏழு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அப்படியானால் ஏழு எது?

இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். படியில் ஓடக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டியதே நான்தான்.

மேடம் முதல் காகிதத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுங்க."

அவர் விளக்கிய பிறகு எனக்கும் விளங்கியது. ஜீன் சொல்கிறபடி அமினோ அமிலங்கள் மணி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. உருவானதும் முதல் அமிலம் கழன்று விழுந்துவிடும். அந்தக் காலத்து விஞ்ஞானிகள் கையில் கிடைத்தது கழன்ற பிறகு இருந்த புரதம். அவர்கள் எண்ணியபோது பழுது ஆறாம் இடம். இப்போது ஜீனையே நேராகப் படிக்கிறார்கள். கழன்று விழும் அந்த முதல் அமிலத்தையும் சேர்த்து எண்ணுவதால் அதே பழுது ஏழாம் இடம். எங்கள் திட்டத்துக்கு இது தெரியாது. பெயர் இரண்டு, ஆகவே மாற்றம் இரண்டு, ஆகவே நோய்.

அப்போது அறையில் ஆறு பேர் இருந்தோம். திட்டத்தை எழுதிய பையன்கள் முகம் வெளுத்து நின்றார்கள். மேடம் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படம் ஒட்டியிருந்த சுவருக்குப் போனார். 'மாற்றம்' என்ற பெட்டிக்குள் 'பெயர்' என்று அவர் கையால் எழுதியிருந்ததைக் காட்டினார்.

"படம் தப்பு. இது நான் போட்ட படம். மாற்றம்ங்கிறது ஒரு பொருள், அதோட பேர் இன்னொரு பொருள். எல்லாருக்கும் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிக்குடுத்துட்டு, இங்க நானே சேத்து வெச்சுட்டேன்."

ரப்பரை எடுத்து அழித்தார். மேலதிகாரி ஒருத்தர் தன் தப்பைத் தன் கையாலேயே அழிப்பதை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்கக்கா."

'மாற்றம்' என்று ஒரு பெட்டி போட்டேன். பதினோராவது குரோமோசோமில் அது இருக்கும் இடம்தான் அதற்கு அடையாளம். தள்ளி, 'பெயர்' என்று இன்னொரு பெட்டி. பெயர்ப் பெட்டிக்குக் கீழே 'எண்ணும் முறை' என்று ஒன்று. ஒரு மாற்றத்துக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம். நடுவில் போட்ட அம்பின் மேல் 'குறிக்கிறது' என்று எழுதினேன். கோடு கொஞ்சம் கோணல்.

ஆனால் காகிதம் சொன்னால் போதாது. வியாழக்கிழமை மத்தியானம் வரை ரத்தத்தின் பதிலுக்குக் காத்திருந்தோம். அந்தச் சோதனையில் ரத்தத்தைச் சாறாக்கி, மெல்லிய ஒரு தாள் மேல் கோடாக வைத்துக் கரண்ட் விடுவார்கள். நல்ல ஹீமோகுளோபின் ஒரு பக்கமாக முந்திப்போகும், பழுதானது பின்தங்கும். நோயாளிக்கு நல்ல பட்டையே இருக்காது. கடத்துபவருக்கு இரண்டு பட்டை. நடுவில் ஒருதரம் கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் அங்கே போகவில்லை. போனால் எட்டிப் பார்ப்பேன், பார்த்தால் இரண்டு தெரிய வேண்டும் என்று கண்ணே ஆசைப்படும். மேடம் எதிரில் சுற்றிச் சுற்றி நடந்தார். பிந்து ஜன்னலோரம் அசையாமல் நின்றாள்.

மூன்று மணிக்கு லேபிலிருந்து போன். என் பழைய ஜூனியர் சொன்னாள்: "ரெண்டு பட்டைங்கக்கா. அளவும் கச்சிதம். இவங்க கடத்துறவங்க மட்டும்தான்."

மேடம் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிந்துவுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பானது. எண்ணும் முறை, அமிலம் என்று ஆரம்பித்தேன். அவள் நெற்றி சுருங்கியது. விட்டுவிட்டு வேறு மாதிரி சொன்னேன்.

"மினி பஸ்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு. டிரைவர் சீட்டை விட்டுட்டு எண்ணினா அவரு ஆறாவது. டிரைவர் சீட்டையும் சேத்து எண்ணினா ஏழாவது. ஆள் ஒருத்தர்தான்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சுட்டீங்களா சேச்சி?" என்றாள்.

"ஆமாங்கண்ணு" என்றேன். "கிழிச்சது நாங்கதான். மன்னிச்சுக்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கண்ணில் தண்ணீர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், அவரும் கடத்துபவராக இருந்தால் மட்டும்தான் யோசிக்க வேண்டும் என்று சொன்னேன். "ஷெரி, முதல்ல வேலை, பின்ன மாப்பிள்ளை" என்றாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கடிதத்தோடு போனாள். கடிதத்தில் மேடம் எழுதிய முதல் வரி: 'முந்தைய அட்டையில் இருந்த தவறு எங்களுடையது.' இப்போது அவள் தெப்பக்காட்டுப் பக்கம் காக்கி உடுப்பில் இருக்கிறாள்.

பிந்து போன அன்று மத்தியானமே மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். "ஒருத்தர் வந்து கேட்டாங்க. கேக்காதவங்க எத்தனை பேரோ?"

சிவப்பு அட்டை ஒவ்வொன்றையும் எடுத்து, காகிதத்தைத் தேடி, ஆட்களைக் கூப்பிட்டுப் புதுசாக ரத்தம் பார்த்தோம். பெரும்பாலான அட்டைகள் சரி. அவர்களுக்கு நிஜமாகவே நோய் இருந்தது, வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பிந்து மாதிரியே இரண்டு டிக்கெட் வாங்கியவர்கள் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் ரத்தத்தில் இரண்டு பட்டை வந்த பிறகு, தபால் வேண்டாம், போனில் நாமே சொல்லலாம் என்று மேடம் முடிவு செய்தார். பட்டியலை என் கையில் கொடுத்தார்.

என் சர்வீஸில் எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நாள் பூராவும் நல்ல சேதி. கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர், மெஷின் சத்தத்தில் காது கேட்காமல், "யாருக்கு நோய்? யாருக்கு?" என்று கத்தினார். "யாருக்குமே இல்லீங்க!" என்று நானும் கத்தினேன். ஒருவர் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, என் சம்சாரம் கேக்கணும்" என்றார். ஒரு அம்மா நம்பவே இல்லை. "மொதல்ல சொன்னதும் நீங்கதானே?" என்றார். நியாயம்தான். காகிதத்தில் இருந்ததை வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.

ஒன்பதாவது எண் கூடலூர்ப் பக்கத்து ஊர் ஒன்று. பதினோரு வயதுப் பெண் குழந்தை. அவளுடைய அம்மா எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மேடம் பக்கத்தில் வந்து நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அட்டை வந்ததுலேருந்து பிள்ளையை விளையாட விடல" என்றார் அந்த அம்மா. "ஸ்கூல்லயும் ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. இனி அவ ஓடலாமா?"

"ஓடலாமுங்க. நல்லாத் தண்ணி மட்டும் குடிக்கச் சொல்லுங்க. ஓடலாம்."

"ஒரு நிமிஷம்" என்றார். போனை எங்கோ கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் அவர் குரல்: "சுமி! ஏ சுமி! ஓடலாமாம்டீ! நீ ஓடலாமாம்!"

அதற்கப்புறம் வாசலில் போட்ட பலகை மேல் தடதடவென்று காலடிச் சத்தம், பிறகு மண்ணில், பிறகு தூரமாக. மேடமும் நானும் மூச்சு விடாமல் நின்று கேட்டோம். சத்தம் தேய்ந்துபோய் ஒன்றும் கேட்காமலானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நெருங்கி வந்தது, பலகையில் தடதடத்தது, நிற்காமல் மறுபடியும் ஓடிப்போனது.